கூடு, கொடுங்கை, முகப்பு

எங்கள் பாட்டாவின் வீட்டை இடித்தபோது எனக்கென்று மிஞ்சியது ஒரு மரப்பூ. ஒரு சாண் நீளம் இருக்கும். பலா மரம். மேலே பச்சைப் பெயின்ட், அது உரிந்த இடத்தில் நீலம், நீலத்துக்கு அடியில் சுண்ணாம்பு வெள்ளை, அதற்கும் அடியில்தான் தேன் நிறத்தில் மரம் தெரிகிறது. மேல்முனையில் துளைக்குள் செருகுவதற்காகச் சதுரமாக ஒரு கட்டை விட்டிருக்கிறார்கள். அங்கிருந்து கீழே வர வர இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கடைசியில் கூம்பிய மொட்டாக முடிகிறது. இதழின் ஓரத்தில் விரலை வைத்து இழுத்தால் உளி போன தடம் இன்றைக்கும் தட்டுப்படும்.

தக்கலைக்குப் பக்கத்தில், பத்மநாபபுரம் கோட்டைச் சுவரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது அந்த வீடு. ஓட்டுக் கூரை, மச்சு, நீளமான திண்ணை, வாசலுக்கு நேர் மேலே முக்கோணமாக ஒரு முகப்பு. அந்த முகப்புப் பலகையில் கொடியும் பூவும் செதுக்கி, அதன் இரண்டு மூலையிலும் இந்த மொட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். வீட்டைப் பிரித்த நாளில் நான் ஊரில் இல்லை. பழைய மரம் எடுக்கும் வியாபாரி ஒருவர் வந்து உத்தரம், கூரைச் சட்டமான கழுக்கோல், கதவு, முகப்பு என்று எல்லாவற்றையும் கன அடிக் கணக்கில் அளந்து எடுத்துப் போனார். மரத்துக்கு விலை போட்டார்கள். வேலைப்பாட்டுக்கு யாரும் விலை போடவில்லை. அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு வலிக்கிறது. விற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்ன விற்றோம் என்று பெயர் சொல்லக்கூட எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லையே!

நான் நாகர்கோவிலில் வீட்டு வரைபடம் போடும் வேலை செய்கிறேன். நாள் முழுக்க என் வாயில் புழங்கும் சொற்கள் எலிவேஷன், பாரபெட், கார்னிஸ், பாலஸ்டர், ஜாலி. இந்த மரப்பூவை மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தேன். ஒரு நாள், எங்கள் வீட்டுக் கூரையை முன்பு பழுது பார்த்த ஆசாரி பாட்டா, பேரன் வீட்டுக்கு பிளான் போட வந்தார். வந்த வேலையை விட்டுவிட்டு அதைக் கையில் எடுத்தார்.

"இதுக்க பேரு என்ன தெரியுமா மக்களே?"

"தாமரை மொட்டுதானே, பாட்டா?"

"தாமரை எங்க தலைகீழா தொங்குது? வாழைப்பூவுல்லா இது."

அப்புறம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். "கோயில்ல கல்லுல கூடு செதுக்கி வச்சிருக்கான் பாத்திருக்கியா? அது நம்ம வீட்டு முகப்புதான், கேட்டியா. மரத்துல நாங்க செஞ்சத அவன் கல்லுல செஞ்சான், அவ்வளவுதான்."

அவர் போன பிறகும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. கூடு என்றால் என்ன? கோயில் சுவரில் கூடு எங்கே இருக்கிறது? சின்ன வயதிலிருந்து நூறு தடவையாவது போன சுசீந்திரம் கோயிலுக்கு, அந்த ஒன்றைப் பார்ப்பதற்காகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன்.

சுசீந்திரம் கோபுரம் ஏழு நிலை, 134 அடி. எல்லாரும் அண்ணாந்து உச்சியைத்தான் பார்ப்பார்கள். நான் அன்றைக்கு வாசலுக்குப் பக்கத்தில், கல்லால் கட்டிய கீழ்ப்பகுதியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். சுவருக்கு மேலே, கூரை தொடங்கும் இடத்தில், கல் வெளியே நீண்டு, வளைந்து, கீழ்நோக்கி இறங்குகிறது. மழைத் தண்ணீர் சுவரில் படாமல் வழிந்து விழுவதற்கான இறவாரம் அது. சிற்ப நூல்களில் அதற்குப் பெயர் கபோதம். கபோதம் என்றால் புறா.

அதற்கு இரண்டு விதமாகக் காரணம் சொல்வார்கள். புறாக்கள் வந்து உட்காரும் இடம் என்பது ஒன்று. புறாவின் தலையிலிருந்து கழுத்து வழியாக மார்புக்கு இறங்கும் வளைவைப் போல இருப்பதால் என்பது இன்னொன்று. எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஏனென்றால் அந்தப் பெயரை வைத்தவர் புறாவை உற்றுப் பார்த்திருக்கிறார் என்று அது சொல்கிறது. தமிழில் அதே உறுப்புக்குக் கொடுங்கை என்று பெயர். கொடு என்றால் வளைந்த. கொடுங்கை, வளைந்த கை. வட சொல்லில் அது பறவை, தமிழ்ச் சொல்லில் அது கை. இரண்டும் ஒரே கல்லைத்தான் சொல்கின்றன. ஒன்று அதன் வடிவத்தைப் பிடிக்கிறது, மற்றது அது செய்யும் காரியத்தைப் பிடிக்கிறது. கீழே நிற்கிறவர் மேல் மழை படாமல் நீட்டிய கை.

அந்தக் கொடுங்கையின் மேல், இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, குதிரை லாடம் போல வளைந்த சிறு சிறு வளைவுகள் இருக்கும். அதுதான் கூடு. நாசி என்றும் சொல்வார்கள், அதாவது மூக்கு. வடமொழியில் கவாட்சம். கோ என்றால் பசு, அட்சம் என்றால் கண். ஆக, பசுவின் கண். ஒரு சாண் அகலமுள்ள வளைவுக்குக் கூடு, மூக்கு, கண் என்று மூன்று பெயர். புறாவின் மேலேயே கூடு வைத்திருக்கிறார்கள் என்பதை அங்கே நின்றபடி கண்டுபிடித்தபோது எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்தது. அவை வேறு வேறு மொழிச் சொற்கள்தான், வேறு வேறு வழியில் வந்தவைதான். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு ஸ்தபதி "கபோதத்தில் கூடு வை" என்று சொல்லும்போது அவை ஒரே வாக்கியத்தில் சேர்ந்துவிடுகின்றன.

சரி, ஆசாரி பாட்டா சொன்ன கதைக்கு வருகிறேன். அந்த லாட வடிவம் எங்கிருந்து வந்தது?

மூங்கிலையோ மரத்தையோ வளைத்து, மேலே புல் வேய்ந்து, வண்டிக் கூண்டு போல ஒரு கூரை போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் நீளப் பக்கத்தைப் பார்த்தால் வெறும் கூரை. குறுக்குப் பக்கத்துக்கு வந்து நின்று பார்த்தால், வளைந்த முகம் தெரியும். கூரையின் அந்த முகம்தான் முகப்பு. பீகாரில் பராபர் குன்றுகளில், கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லோமச ரிஷி குகையின் வாசலில் இந்த முகத்தை அப்படியே பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மரச் சட்டங்களின் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக்கூட விடவில்லை. அதற்குப் பிறகு மேற்குத் தொடர்ச்சி மலையில் பாஜா, கார்லே போன்ற பௌத்தக் குகைகளில் அதே முகப்பு பெரிதாக, வெளிச்சம் உள்ளே வருவதற்கான சன்னலாக நிற்கிறது. தெற்கே மாமல்லபுரத்துக்கு வரும்போது, 7ஆம் நூற்றாண்டில், அது சுருங்கி, வரிசை வரிசையாகக் கொடுங்கை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. கூரையின் முழு முகமாக இருந்தது கூரையின் மேல் ஓர் அணியாக மாறிவிட்டது. ஆனால் பழைய ஞாபகம் போகவில்லை. மாமல்லபுரத்துக் கூடுகள் சிலவற்றுக்குள் ஒரு மனித முகம் இருக்கும். சன்னலில் தலையை நீட்டி, கீழே யார் வருகிறார்கள் என்று பார்க்கிற முகம். கூடு ஒரு காலத்தில் வீட்டின் சன்னலாக இருந்தது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

அப்படியானால் ஆசாரி பாட்டா சொன்னது சரிதான். கன அடிக் கணக்கில் லாரியில் ஏறிப் போன எங்கள் வீட்டு முகப்பும் சுசீந்திரத்துக் கல்லில் இருக்கும் கூடும் ஒரே குடும்பம்.

புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய், 1914இல் வெளிவந்த தன் ஆராய்ச்சியில், கல்வெட்டை நம்பாமலே கோயிலின் காலத்தைச் சொல்ல ஒரு வழி காட்டினார். அதற்கு அவர் பிடித்துக்கொண்டது மூலவரையோ கோபுர உயரத்தையோ அல்ல, இந்தக் கூட்டையும் தூண் தலையிலிருக்கும் போதிகையையும். பல்லவர் காலத்துக் கூட்டின் உச்சி மண்வெட்டித் தகடு போலத் தட்டையாக இருக்கும். சோழர் காலத்தில் அதே உச்சியில் சிங்க முகம் வந்துவிடும். அலங்காரம் என்று நாம் ஒதுக்குகிற இடத்தில்தான் காலம் தன் கையெழுத்தைப் போட்டு வைத்திருக்கிறது.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு உண்டு. கல்லையும் அதற்கு முன்னோடியான மரத்தையும் ஒரே நாளில், ஒரு பஸ் டிக்கெட் செலவில் பார்த்துவிடலாம். பத்மநாபபுரம் அரண்மனை 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இடம். 1956 நவம்பர் 1ஆம் தேதி இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பிலேயே இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் முதலில் நிற்கிற இடத்துக்குப் பெயர் பூமுகம். அண்ணாந்து பார்த்தால் மரக் கூரையில் பூக்கள். மொத்தம் 90 பூக்கள், ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். வீட்டின் முகத்துக்குப் பூமுகம் என்று பெயர் வைத்த மொழியில் பிறந்தவர்கள், அந்தப் பெயரை வெறும் பேச்சாக விடாமல் மரத்தில் செய்தும் காட்டிவிட்டார்கள்.

ஆனால் நான் பார்க்கச் சொல்வது பூக்களை அல்ல. பூமுகத்தை விட்டு வெளியே வந்து, முற்றத்தில் நின்று, இறவாரத்தைக் கீழிருந்து பாருங்கள். உச்சியிலிருந்து கழுக்கோல்கள் விசிறி போல இறங்கி, சுவரைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கின்றன. இது மரம், அதனால் நீண்டே ஆக வேண்டும். நீளாவிட்டால் எங்கள் ஊர் மழைக்குச் சுவர் தாங்காது. இங்கே ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று இரண்டு பருவமும் பெய்யும். இப்போது புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலுக்குப் போய்க் கொடுங்கையைப் பாருங்கள். கல்லைப் பலகை போல மெலிதாக்கி, அடிப்பக்கத்தில் மரச் சட்டங்களையும் அவற்றை இணைக்கும் ஆணிகளையும்கூடக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். கல்லுக்கு ஆணி எதற்கு? தேவையே இல்லை. தச்சன் செய்ததைக் கல்தச்சன் மறக்க மனமில்லாமல் செய்தது அது. கல்லாசாரி, மராசாரி என்று நாங்கள் இருவருக்கும் ஒரே பெயரைத்தானே சொல்கிறோம்.

சன்னலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நாம் சொல்லும் ஜன்னல், போர்ச்சுக்கீசியரின் ஜனேலா. சாவி, மேஜை, அலமாரி எல்லாம் வந்த அதே கப்பலில் வந்தது. அதன் லத்தீன் வேர், சின்னக் கதவு என்று பொருள்படும் சொல். அதற்கு முன் நம்மிடம் சன்னல் இல்லையா? இருந்தது, பெயரும் இருந்தது. காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து வீடுகளைச் சொல்லும் இடத்தில் "மான்கண் காலதர் மாளிகை" என்று வருகிறது. மானின் கண்ணைப் போன்ற சன்னல்கள் உள்ள மாளிகை. வடமொழிக்குப் பசுவின் கண், தமிழுக்கு மானின் கண். பிரெஞ்சுக்காரர்கள் வட்டமான சிறு சன்னலை எருதுக்கண் என்கிறார்கள். ஆங்கிலத்தின் விண்டோ என்ற சொல்லோ பழைய வடஐரோப்பிய மொழியிலிருந்து வந்தது. அதற்குப் பொருள் காற்றின் கண். காற்று, கண் என்ற இரண்டையும் ஒரே தொடரில் வைத்த "மான்கண் காலதர்" என்பதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இவ்வளவு தூரத்தில், ஒருவரையொருவர் பார்த்தே இராத ஜனங்கள், சுவரில் ஓட்டை போட்டதும் முதலில் நினைத்தது ஒரு கண்ணை!

எங்கள் பக்கத்து வீட்டு மலையாளத்தில் சிறு சன்னலுக்குக் கிளிவாதில் என்று பெயர், கிளியின் வாசல். கோயில் கட்டடத்தில் பஞ்சரம் என்று ஓர் உறுப்பு உண்டு. விமானத்தின் தளங்களில், கூடம் என்னும் சதுரக் குட்டிக் கோயிலுக்கும் சாலை என்னும் நீளக் குட்டிக் கோயிலுக்கும் நடுவில் வருவது. பஞ்சரம் என்றால் பறவைக் கூண்டு. சுவரில் ஒரு குடத்திலிருந்து தூண் முளைத்து எழுவது போலச் செதுக்கியிருந்தால் அது கும்பபஞ்சரம். கொடுங்கைக்கு அடியில் அன்னங்கள் வரிசையாகப் போனால் அது அன்னவரி. புறா, கூடு, கிளி, கூண்டு, அன்னம். கல்லைப் பற்றிப் பேசவே தனியாக ஒரு மொழி தேவைப்பட்டபோது நம் ஆட்கள் தோப்புக்குப் போய்ச் சொற்களைப் பொறுக்கி வந்திருக்கிறார்கள்.

யாளியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், அதற்கே ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. மகரத்தைப் பற்றி மட்டும் ஒன்று. மகரதோரணத்தின் இரண்டு முனையிலும் வாய் பிளந்து நிற்கும் அந்த நீர்விலங்கின் பெயர்தான், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்லும் கொல்லம் ஆண்டின் மகர மாதத்துக்கும். தை மாதத்தை மகரம் என்று சொல்லும் கிழவிகள் இருக்கும் ஊரில் அந்த விலங்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

என் வேலையில் புழங்கும் சொற்களுக்கும் பூர்வீகம் உண்டு என்பது இந்தத் தேடலில்தான் தெரிந்தது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைப் பாரபெட் என்று கொத்தனார் முதல் வீட்டுக்காரர் வரை சொல்கிறோம். அது இத்தாலியச் சொல். நெஞ்சைக் காப்பது என்று பொருள். நெஞ்சு உயரத்துக்குக் கட்டுவதால் வந்த பெயர். அந்தச் சுவருக்குப் பதிலாக இப்போது எல்லாரும் அச்சில் வார்த்த சிமென்ட் குட்டித் தூண்களை வரிசையாக நிறுத்துகிறார்கள். அதன் பெயர் பாலஸ்டர். கிரேக்கத்தில் அது மாதுளம்பூ. பூவின் அடிப்பாகம் பருத்து, மேலே குறுகி, நுனியில் விரிவதைப் பார்த்தால் தூணின் வயிறு எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும். எத்தனை வீட்டு மாடியில் மாதுளம்பூக்களை வரிசை கட்டி வைத்திருக்கிறேன், ஒரு தடவைகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சுவரிலிருந்து நீண்டு பாரம் தாங்கும் முட்டுக்கு ஆங்கிலத்தில் கார்பெல். பழைய பிரெஞ்சில் அது காக்கைக் குஞ்சு. பக்கவாட்டில் பார்த்தால் காக்கை அலகு மாதிரி இருக்கும் என்பதால். நமக்குக் கூரையில் புறா, அவர்களுக்குச் சுவரில் காக்கை. ஜாலி, வலை என்னும் பொருளில் வடமொழி ஜாலத்திலிருந்து வந்தது.

கடைக்காரர் கொடுக்கும் அட்டவணைப் புத்தகத்தில் கொரிந்தியன் தூண் என்று ஒன்று இருக்கிறது, தலையில் இலைக்கொத்து வைத்தது. அந்த இலையின் பெயர் அகாந்தஸ். கிரேக்கத்தில் முள் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் அதற்கு ஒரு கதை சொல்கிறார். இறந்துபோன ஓர் இளம்பெண்ணின் கல்லறை மேல் அவளை வளர்த்தவள் அவளுடைய பொருட்களை ஒரு கூடையில் போட்டு, மேலே ஓடு வைத்து மூடிவிட்டுப் போனாள். கூடை ஒரு முட்செடியின் வேர் மேல் இருந்தது. வசந்தத்தில் செடி துளிர்த்து, கூடையைச் சுற்றி ஏறி, ஓடு தடுத்ததும் வளைந்து கீழே சுருண்டது. அந்த வழியாகப் போன காலிமாகஸ் என்ற சிற்பி அதைப் பார்த்துத் தூணுக்குத் தலை செய்தான். கதை உண்மையோ இல்லையோ, அந்தத் தூணைத் திருமண மண்டபத்துக்குப் போடச் சொல்லி வருகிறவர்களிடம் நான் இப்போது இந்தக் கதையைச் சொல்கிறேன்.

நம்முடைய தூணின் தலைக்கு வருவோம். தூணுக்கு மேலே, உத்தரத்தைத் தாங்க இரண்டு பக்கமும் கை நீட்டும் கட்டைதான் போதிகை. பல்லவர் காலத்தில் அது வளைந்து, அடியில் அலை அலையாக வரி போட்டிருக்கும். அதைத் தரங்கப் போதிகை என்பார்கள். தரங்கம் என்றால் அலை. கிரேக்கர்களும் தங்கள் வளைந்த விளிம்பு ஒன்றுக்கு அலை என்றே பெயர் வைத்தார்கள். சோழர் காலத்தில் வளைவு போய்ச் சாய்வாக வெட்டிய வெட்டுப் போதிகை. அதற்கெல்லாம் பிறகுதான், விஜயநகர, நாயக்கர் காலங்களில், நுனி கீழே வளைந்து, அதிலிருந்து ஒரு பூமொட்டு தொங்கும் பூப்போதிகை வருகிறது. தமிழில் போது என்றாலே மலரப் போகிற மொட்டு. போதிகை என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது என்று எழுதிவிட எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் பெயர் இருந்த காலத்தில் அதில் பூவே இல்லையே. அதனால் அந்த ஆசையை விட்டுவிட்டேன். சொல்லின் பூர்வீகம் தேடும்போது அழகான விடையைக் கண்டால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கல்லைப் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

அந்தத் தொங்கும் மொட்டும் என் மேஜை மேல் இருக்கும் மரப்பூவும் அண்ணன் தம்பி. கோயிலில் கல்லாக, வீட்டில் பலாவாக. அம்மாவுக்கு அது இன்னமும் தாமரைதான். ஆசாரி பாட்டாவுக்கு வாழைப்பூ. வீட்டைச் சுற்றி மட்டி வாழையும் ரசகதலியும் குலை தள்ளி நிற்கிற ஊரில், தலைகீழாகத் தொங்கும் ஒரு மொட்டைப் பார்த்து வேறு எதை நினைக்க முடியும் என்று எனக்கும் தோன்றுகிறது.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் 2022 ஜூலையில் குடமுழுக்குக் கண்டது, 418 ஆண்டுகளுக்குப் பிறகு. கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு சாயங்காலம் போனேன். அந்தப் பிராகாரத்தில் வரிசையாகக் கல்தூண்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கையாலும் விளக்கை ஏந்தி நிற்கும் ஒரு பெண். பாவை விளக்கு. ஒருத்தியின் கொண்டை போல் இன்னொருத்திக்கு இல்லை. உள்ளங்கையில் இருக்கும் அகலில் எண்ணெய்க் கறை, முகம் பலர் தொட்டுத் தொட்டு மழுங்கியிருக்கிறது.

பாவை என்றால் பொம்மை. கண்ணின் கருமணிக்கும் பாவை என்றே பெயர். எதிரே நிற்பவரின் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால், நம் உருவம் குட்டிப் பொம்மையாகத் தெரியும், அதனால். லத்தீனிலும் கருமணிக்குச் சின்னப் பொம்மை என்றுதான் பெயர், ஆங்கிலத்தின் பியூபில் அதிலிருந்து வந்தது. இதை நினைத்துக்கொண்டு அந்த நடையில் நடந்தால், இரண்டு பக்கமும் விளக்கேற்றிய ஒரு இரவில் அது எப்படி இருக்கும் என்று மனதில் விரியும். இருட்டுக்குள் வரிசையாகக் கண்மணிகள்.

சுதையைச் சொல்லாமல் விட்டால், கல் சிற்பத்துக்குப் பேர்போன எங்கள் பக்கத்து மயிலாடிக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள், அவர்களுக்குக் கல்தான் எல்லாம். ஆனால் கோபுரத்தின் மேல் நிலைகளில் நிற்கும் அத்தனை பொம்மையும் சுதைதான். வடமொழியில் சுதா என்றால் அமுதம். சுண்ணாம்புச் சாந்துக்கும் அதே சொல். வெண்மையாலோ, உயிர் கொடுக்கிறது என்பதாலோ, அமுதத்தின் பெயரைச் சாந்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். பழைய முறையில் சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு நாள் கணக்கில் புளிக்க வைத்து, அம்மியில் வெண்ணெய் போல அரைப்பார்கள். கருப்பட்டி சேர்ந்த சாந்து என்னும்போது அமுதம் என்ற பெயர் பொருந்தத்தான் செய்கிறது.

போன மாதம் எங்கள் குடும்பத்து இசக்கியம்மன் கோயிலை எடுத்துக் கட்டுவது என்று முடிவானது. பத்தடிக்குப் பத்தடி. பிளான் என் பொறுப்பு. வழக்கமாக எழுதுகிற சொற்களை எழுதாமல், ஒவ்வொரு உறுப்புக்கும் அம்புக்குறி போட்டுக் கொடுங்கை, கூடு, போதிகை, அதன் நுனியில் தொங்கும் மொட்டுக்குப் பூமுனை என்று தமிழில் எழுதினேன். அம்புக்குறி போட்ட கையோடு ஆசாரி பாட்டாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்குக் கண் இப்போது சரியாகத் தெரிவதில்லை. காகிதத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரலால் கோடுகளைத் தடவிக்கொண்டே வந்தார். முன்பக்கக் கொடுங்கையின் நடுவில் விரல் நின்றது.

"கூடு போட்டிருக்கியே மக்களே, உள்ள யாரு?"

உள்ளே நான் ஒன்றும் வரையவில்லை, வெறும் வளைவுதான்.

"சும்மா விடப்பிடாது. யாராவது எட்டிப் பாக்கணும்லா."

அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து பென்சிலால் ஒரு முகம் வரைந்தேன். வரைய வரைய அது எங்கள் ஆச்சியின் முகமாகிவிட்டது, பாம்படம் போட்டு இழுத்த காதோடு. பாட்டா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"காது இன்னும் கொஞ்சம் தொங்கணும்" என்றார்.